தோல்விப் பாடத்தில் ஃபெயிலான என் சகலை

என் மனைவியின் தங்கை வீட்டுக்காரர், அதாவது என் சகலை, பல்கலைக்கழகத்தில் தொழில்முனைவு படித்தார். மற்றவர்கள் படித்துவிட்டுக் கடை வைப்பார்கள். இவர் மெத்தைக் கடை வைத்து, அதை இழுத்து மூடிவிட்டு, அப்புறம் ஆற அமரப் போய்ப் படித்தார்.

கடை ஏன் படுத்தது என்று கண்டுபிடிக்கப் பெரிய ஆராய்ச்சி எல்லாம் தேவையில்லை. யாராவது மெத்தை வாங்க வந்தால், அவர்கள் வீட்டில் இருக்கும் பழைய மெத்தை எப்படி இருக்கிறது என்று இவர் விசாரிப்பார். பஞ்சு, நார், ஸ்பிரிங் என்று பலகையில் படம் போட்டு விளக்குவார். கடைசியில், "உங்களுது இன்னும் நல்லாத்தாங்க இருக்கு. வெயில்ல காயவெச்சுத் திருப்பிப் போடுங்க, போதும்" என்று வழியனுப்பி வைப்பார். வந்தவர்களும் கும்பிடாத குறையாக நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். நன்றியை வைத்து வாடகை கட்ட முடியுமா?

கடையை மூடிய அன்றே மச்சினி என்னிடம் சொல்லிவிட்டாள். "மாமா, இனிமே இவரு கடைன்னு வாயெடுக்கக் கூடாது. அந்தப் படிப்பை முடிச்சா அங்கேயே வாத்தியார் வேலை ஒண்ணு காலியா இருக்காம். அது கிடைச்சாதான் எங்க வீட்டுல அடுப்பு எரியும்."

தொழில் செய்யத் தெரியாதவர் தொழில் சொல்லிக்கொடுக்கலாமா என்று நான் கேட்கவில்லை. அந்தத் துறைத் தலைவரே ஒரு பெட்டிக்கடைகூட வைத்தவரில்லை. கோட்டு மட்டும் வைத்திருந்தார்.

எல்லாப் பாடத்திலும் சகலை தேறிவிட்டார். ஒன்றுதான் உதைத்தது. அதன் பெயர் தோல்வி மேலாண்மை. மேடையேறி அவரவர் தோல்வியைச் சொல்ல வேண்டும். மீசை முளைக்காத பையன்கள், ஆரம்பிக்கவே ஆரம்பிக்காத கம்பெனி நொடித்துப்போன கதையைக் கண்ணீர் மல்கச் சொல்லி மார்க்கை அள்ளினார்கள். அந்த வகுப்பிலேயே நிஜமாகத் தோற்றவர் என் சகலை ஒருவர்தான்.

"எனக்கு விக்க வரலை சார்," என்றார்.

"சரி, இதுல பாடம் எங்க?" என்று கேட்டார் துறைத் தலைவர்.

"கடை எனக்கு ஒத்துவராதுங்கிறதுதான் பாடம்."

"அது பாடமில்லை. ராஜினாமா."

ஃபெயில் போட்டுவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கோட்டைக் கிழித்திருப்பேன். ஆனால் மறுதேர்வில் தேறினால்தான் வேலை. அதனால் சகலை, மச்சினி, நான் மூவரும் உட்கார்ந்து நல்லதாக ஒரு தோல்வியைத் தயாரித்தோம். கதைக்கு ஒரு துரோகி தேவைப்பட்டான். கூடவே இருந்து குழிபறித்த தொழில் கூட்டாளியாக நானே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. குடும்ப நலனுக்காக ஒப்புக்கொண்டேன்.

மறுதேர்வுக்கு உறவினர்களையும் அழைத்திருந்தார்கள். சகலை மேடையில் வெளுத்து வாங்கினார். துரோகியைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் நேராக என்னையே பார்த்தார். அரங்கமும் திரும்பிப் பார்த்தது. கைதட்டல் சூட்டில், நாங்கள் எழுதிக்கொடுக்காத ஒன்றும் வாயில் வந்துவிட்டது. "நான் மறுபடியும் கடை போடுவேன்! இதைவிடப் பெரிசா!"

துறைத் தலைவர் எழுந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். "இப்படிப்பட்ட ஒரு போராளியை வகுப்பறையில வீணடிக்கலாமா? வாத்தியார் வேலைக்கு வேற பையனைப் பாத்துக்கலாம். நம்ம பல்கலைக்கழக வாசல்ல ஒரு கடை காலியா இருக்கு. அது இவருக்குத்தான்."

சாவியை நீட்டினார். சகலைக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் கை தானாக நீண்டது. யார் எதை நீட்டினாலும் வேண்டாம் என்று சொல்லத் தெரியாத மனிதர், மெத்தையைத் தவிர.

நாலு பேர் எதிரில் உரக்கப் பேசாத மச்சினி எழுந்து போய் மைக்கைப் பிடித்தாள்.

"சார், சாவியைக் குடுக்காதீங்க. இவரு சொன்னதெல்லாம் பொய். கூட்டாளின்னு யாரும் கிடையாது. அது எங்க அக்கா வீட்டுக்காரரு, பாவம். இவருக்குக் கடை வைக்கத் தெரியாது. ஆனா ஒரு விஷயத்தைச் சொல்லிக்குடுக்க உக்காந்தாருன்னா கழுதைக்கும் புரியும். பொறுமையான மனுஷன். குடுக்கிறதுன்னா அந்த வேலையைக் குடுங்க. இல்லைன்னா விட்டுடுங்க."

பொய்த் தோல்வி சொன்ன குற்றத்துக்காகத் துறைத் தலைவர் மார்க்கை அங்கேயே ரத்து செய்தார். அந்த விதி மற்ற பையன்கள் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பட்டமும் போயிற்று, வேலையும் போயிற்று.

வெளியே வந்தும் எனக்கு ஆறவில்லை. கண்டபடி திட்டிக்கொண்டே நடந்தேன். மச்சினி எங்களுக்கு முன்னால் வேகமாகப் போய்க்கொண்டிருந்தாள்.

"விடுங்க சகலை," என்றார் அவர். முகம் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது. "இத்தனை வருஷத்துல இவ என்னைப் பத்தி நல்லதா ஒரு வார்த்தை சொல்லிக் கேட்டதில்லை. இன்னைக்குச் சொல்லிட்டா. அதுவும் மைக்குல."

மச்சினி திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். "அதுக்காக வீட்டுல வந்து தினமும் சொல்லிக்கிட்டு இருக்க மாட்டேன்."