இன்னும் நான்கு நாள் இருந்தது

தேவயானி திண்டிவனம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பிரௌசிங் சென்டர் வைத்திருக்கிறாள். சாதிச் சான்றிதழ், பட்டா, கல்லூரி விண்ணப்பம் என்று எதற்கும் ஜனங்கள் அவளிடம்தான் வருவார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் எரிந்து விழமாட்டாள். அதனாலேயே மரக்காணம், ஒலக்கூர் பக்கத்துக்காரர்கள் பஸ்ஸை விட்டு இறங்கி நேராக அவள் கடையில் வந்து நிற்பார்கள்.

ஒரு மே மாதக் கடைசியில் ஜெயம் தன் மகள் துர்காவை அழைத்துக்கொண்டு வந்தாள். மரக்காணத்தை ஒட்டிய ஒரு குப்பம் அவர்கள் ஊர். கணவர் கடலுக்குப் போகிறார், ஜெயம் மார்க்கெட்டில் மீன் விற்கிறாள். துர்கா அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்து, அந்த மாதம்தான் நீட் எழுதியிருந்தாள்.

"ஆன்சர் கீ வச்சு மார்க் போட்டு பாத்தேன்க்கா. முந்நூறுதான் வரும் போல. இந்த வருஷம் எம்பிபிஎஸ் கெடைக்காது," என்றாள் துர்கா. "இங்க கவர்மென்ட் காலேஜ்ல ஜுவாலஜி போட்டுடுங்க. எங்க ஊர்ல இருந்து ஒரே பஸ்ஸு. ஃபீஸும் கம்மி. மத்தியானமே விட்டுடுவாங்களாம். லைப்ரரில ஒக்காந்து படிச்சிக்கினு அடுத்த வருஷம் திரும்ப எழுதுவேன்."

யோசித்து எடுத்த முடிவு என்று தேவயானிக்குத் தெரிந்தது. ஆனால் அன்று காலையில்தான் சுதாகர் போன் செய்திருந்தான். விழுப்புரம் பைபாஸில் இருக்கும் ஒரு தனியார் கல்லூரிக்கு ஆள் பிடித்துக் கொடுப்பது அவன் வேலை. ஒரு பிள்ளையை அனுப்பினால் தேவயானிக்கு மூவாயிரம். அரசுக் கல்லூரியில் ஒரு வருடம் படிக்கவே அவ்வளவு ஆகாது.

"அதுக்கு டேட் முடிஞ்சிடுச்சேம்மா," என்றாள்.

இன்னும் நான்கு நாள் இருந்தது.

ஜெயம் தலையில் கை வைத்துக்கொண்டாள். "எல்லாம் என்னாலதான். போன வாரமே போலாம்னு சொல்லிச்சு இது. யாவாரத்த விட்டுட்டு எங்க வர்றதுன்னு நான்தான் இருந்துட்டேன்."

தேவயானி அவளுக்குச் சமாதானம் சொன்னாள். விழுப்புரத்தில் நல்ல கல்லூரி ஒன்று இருப்பதாகவும், நீட்டுக்கு அங்கேயே தனி வகுப்பு நடப்பதாகவும் சொன்னாள். ஜெயம் தான் கட்டிவந்த ஏலச்சீட்டை நஷ்டத்துக்குப் பாதியில் தள்ளி எடுத்து முதல் தவணையைக் கட்டினாள். போகும்போது, "நீ இல்லன்னா இந்தப் பொண்ணு வூட்ல ஒக்காந்திருக்கும்மா," என்று தேவயானியின் கையைப் பிடித்துக்கொண்டாள். சுதாகர் கொடுத்த மூவாயிரத்தில் என்ன வாங்கினோம் என்பது தேவயானிக்கு இன்று நினைவில்லை.

ஆகஸ்டில் துர்கா ஜெராக்ஸ் எடுக்க வந்தாள். இளைத்திருந்தாள். விடிகிற நேரத்தில் கிளம்பி இரண்டு பஸ் மாறிப் போகிறாளாம். வீடு திரும்ப ஏழரை ஆகிவிடுகிறதாம். தனி வகுப்பு என்று ஒன்று அங்கே இல்லவே இல்லையாம்.

"அக்கா, மலர்விழி தெரியுமில்ல, எங்க க்ளாஸு? இங்க ஜுவாலஜி சேந்துட்டா. நாங்க வந்துட்டுப் போனதுக்கு ரெண்டு நாள் கழிச்சுதான் அப்ளிகேஷனே போட்டாளாம். எப்டிக்கா?"

தேவயானி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "டேட்ட நீட்டிச்சிருப்பாங்க."

"நானும் அததான் நெனச்சேன். அம்மாவும் சொல்லிச்சு, தேவயானி அக்காவுக்கே தெரிஞ்சிருக்காதுன்னு."

அவள் போன பிறகு தேவயானிக்கு வேலை ஓடவில்லை. ஒரு விதவைப் பென்ஷன் மனுவில் ஆதார் எண்ணை இரண்டு முறை தப்பாக அடித்தாள். மனு கொடுக்க வந்த பெண்மணி, "பரவால்லம்மா, மெதுவா போடு," என்று சொன்னபோது முகம் சுட்டது. தன்னை நம்புகிறவர்களின் முகத்தைப் பார்க்கவே அவளால் முடியவில்லை. மூன்று நாள் அப்படிப் போனது. நான்காம் நாள் கடையைப் பூட்டிவிட்டு மரக்காணத்துக்குப் பஸ் ஏறினாள்.

ஜெயம் மார்க்கெட்டில் சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். "வாம்மா!" என்று சிரித்துக்கொண்டே உட்காரப் பலகையைத் தள்ளிவிட்டாள். தேவயானி உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

ஜெயத்தின் கை நின்றது. "நான் லேட்டுன்னு சொல்லிக்கினு என் தலையில நானே அடிச்சிக்கினேன். நீ பாத்துக்கினு இருந்த," என்றாள்.

"தப்புதான்க்கா."

"அந்தக் காலேஜ்ல குடுத்த சர்டிபிகேட்ட வாங்கிக் குடு. அப்புறம் என் மூஞ்சில முழிக்காத."

மறுநாள் துர்காவோடு மூன்று பேரும் விழுப்புரம் போனார்கள். பஸ்ஸில் தேவயானியின் பக்கத்தில் இடம் காலியாக இருந்தும் ஜெயம் நின்றுகொண்டே வந்தாள். கல்லூரி அலுவலகத்தில் இருந்தவர், மூன்று வருடப் பணத்தையும் கட்டினால்தான் சான்றிதழ் தருவோம் என்றார். தேவயானி குரலை உயர்த்தினாள்.

"சார், கவர்மென்ட் காலேஜ்ல டேட் முடிஞ்சிடுச்சுன்னு இவங்ககிட்ட பொய் சொன்னது நான். அதுக்கு உங்க ஆளு எனக்குக் காசு குடுத்தாரு. இத கலெக்டர் ஆபீஸ்ல எழுதிக் குடுக்கட்டுமா?"

அறையில் இருந்த பெற்றோர் எல்லாரும் திரும்பினார்கள். அதில் ஒரு அம்மாவை அவளுக்குத் தெரியும். தைலம்மாள், ஒலக்கூர்ப் பக்கம். அவர் மகளையும் ஜூன் மாதம் இங்கே அனுப்பியது தேவயானிதான். தைலம்மாள் அவளையே பார்த்துக்கொண்டே இருந்தார். ஜெயம் மார்க்கெட்டில் சொன்னதெல்லாம் அந்தப் பார்வைக்கு முன் ஒன்றுமே இல்லை.

சான்றிதழ்கள் மத்தியானம் கைக்கு வந்தன. கட்டிய பணம் வரவில்லை. தேவயானி தன் வளையல் இரண்டை விற்று அதை ஈடு செய்தாள். ஜெயம் வேண்டாம் என்று சொல்லவில்லை. திண்டிவனம் அரசுக் கல்லூரியில் ஜுவாலஜி நிரம்பிவிட்டிருந்தது. தாவரவியலில் காலியாக இருந்த ஓர் இடத்தில் துர்கா சேர்ந்தாள். தைலம்மாளின் வீட்டுக்கும் தேவயானி போனாள். அவர், தன் மகள் அந்தக் கல்லூரியிலேயே இருக்கட்டும் என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அடுத்த வருட நீட்டில் துர்காவுக்கு மதிப்பெண் கூடியது, ஆனால் அரசுப் பள்ளி ஒதுக்கீட்டிலும் இடம் கிடைக்கவில்லை. மறுபடியும் எழுதப் போகிறாள். கல்லூரி விட்டு பஸ்ஸுக்கு வரும்போது தேவயானியின் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். எதிர்ச்சாரியில் நடந்துபோவாள்.

போன பிப்ரவரியில் ஒருநாள் பக்கத்துக் கடையில் பிரின்டர் வேலை செய்யவில்லை. துர்கா நீட் விண்ணப்பத்தை பிரின்ட் எடுக்க உள்ளே வந்தாள். தேவயானி எடுத்துக் கொடுத்தாள். "காசு வேணாம், துர்கா," என்றாள்.

துர்கா தாளில் பெயரும் பிறந்த தேதியும் சரியாக இருக்கிறதா என்று ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தாள். பிறகு பத்து ரூபாயை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே போனாள்.