வேகத்தடைமேல் ஒரு டொக்கு

எனக்குப் பாம்புக் காது என்று எங்கள் வீட்டில் ஒரு பெயர் உண்டு. அடுக்களையில் பிஸ்கட் டப்பாவைத் திறந்தால் மொட்டை மாடியில் கேட்டுவிடும். நான் மூன்றாவது படித்தபோது அந்தக் காதுக்கு ஒரு வேலை கிடைத்தது. கொடுத்தவர் மாமா, அம்மாவின் தம்பி.

மாமா அப்போது மேற்குத் தாம்பரத்தில் எங்களோடுதான் இருந்தார். பழைய கார் ஒன்றை வாங்கி, நான்கு சக்கரத்து ஸ்பிரிங்கையும் வெட்டித் தரையோடு தரையாகத் தாழ்த்தி வைத்திருந்தார். நிழலுக்கு ஒதுங்கும் தெருப் பூனைகூட அதன் அடியில் நுழைய முடியாமல் திரும்பிப் போகும். அத்தா (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) அதில் ஒவ்வொரு முறை உட்காரும்போதும், "எல்லாரும் கார்ல ஏறுவாங்க மாப்ள, நான் உன் கார்ல இறங்க வேண்டியிருக்கு" என்பார். மாமாவுக்கு அதெல்லாம் உறைக்காது. தாழ்ந்த கார்தான் அவருக்கு மானம் மரியாதை எல்லாம்.

அந்தக் காரில் ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. வேகத்தடையில் ஏறும்போது வண்டி சாதுவாக இருக்கும். ஏறி இறங்கி மறுபடி உட்காரும்போது பின்பக்கம் 'டொக்கு' என்று ஓர் அடி. டிக்கிக்குள் யாரோ மாட்டிக்கொண்டு தட்டுவது மாதிரி இருக்கும். கேம்ப் ரோடு மெக்கானிக் பின்பக்கத்தை அமுக்கி அமுக்கிப் பார்த்தார். "அமுக்கினா ஒண்ணியும் இல்ல சார், வண்டி ஷோக்கா கீது" என்றார். பிறகு இரண்டு புஷ்ஷையும் ஒரு கம்பியையும் மாற்றிக் கொடுத்தார். சத்தம் அப்படியே இருந்தது.

சாதாரண நாளாக இருந்தால் யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். மாமாவுக்கு மாடம்பாக்கத்தில் பெண் நிச்சயமாகியிருந்தது. நிக்காஹ் முடிந்து பெண்ணைத் தன் காரில், தானே ஓட்டித்தான் அழைத்து வரவேண்டும் என்பது அவருடைய ஆசை. அத்தா தீர்ப்புச் சொல்லிவிட்டார். கல்யாணத்துக்குள் சத்தம் நிற்க வேண்டும். இல்லையென்றால் பழைய உயரத்துக்கு ஸ்பிரிங் மாட்ட வேண்டும், அதுவும் முடியாதென்றால் வாடகைக்கு வெள்ளைக் கார். மாமா அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை.

அவருக்கு இன்னொரு கஷ்டமும் இருந்தது. பெண்ணின் அத்தா பழைய கண்டிப்புக்காரர். நிக்காஹ் முடிகிறவரை இரண்டு பேரும் பார்த்துக்கொள்ளக் கூடாது, போனில் பேசக் கூடாது, வாட்ஸப் கூடவே கூடாது என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

இப்படியாக என் காது வேலைக்குச் சேர்ந்தது. லீவு நாட்களில் சாயங்காலம் அசர் தொழுகை முடித்துவிட்டு மாமா சாவியை ஆட்டுவார், நான் ஓடுவேன். பின் சீட்டில் குப்புறப் படுத்து, சீட்டோடு காதை ஒட்டிக்கொண்டு, சத்தம் வலப்பக்கமா இடப்பக்கமா என்று சொல்ல வேண்டும். சம்பளம் ஒரு ரோஸ்மில்க். எங்கள் வீட்டு வாசலிலேயே, முடிச்சூர் ரோட்டில், வேண்டிய மட்டும் மேடும் பள்ளமும் இருந்தன. ஆனால் மாமா சேலையூரைத் தாண்டி மாடம்பாக்கத்துக்கே போவார். அங்கே ஒரு தெருவில் இருக்கிற வேகத்தடைதான் சோதனைக்குச் சரியான உயரமாம். அது பெண் வீட்டு வாசலில் இருந்தது. வரப்போகிற மாமியின் வீடு என்று எனக்கும் தெரியும், நிச்சயத்துக்குப் போய் ஜிலேபி சாப்பிட்ட வீடாயிற்றே. தெரிந்தவர்கள் வாசலில் சோதனை செய்வதுதான் நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.

தாழ்ந்த கார் வேகத்தடையில் நேராக ஏறினால் வயிறு உரசும். ஆகவே மாமா வண்டியைக் கோணலாகத் திருப்பி, அங்குலம் அங்குலமாக ஏற்றி இறக்குவார். டொக்கு. கொஞ்ச நேரத்தில் மாடியில் அந்த மாமி துணி எடுக்க வருவார். அந்த வீட்டில் துணி எத்தனை சீக்கிரம் காய்கிறது என்று எனக்கு ஒரே ஆச்சரியம். மாமா தெருமுனையில் வண்டியைத் திருப்பிக்கொண்டு மறுபடி வருவார். டொக்கு. "வலதுபக்கம் மாமா" என்று நான் கத்துவேன். மாமா எங்கேயோ பார்த்துக்கொண்டு, "ம், கரெக்ட்" என்பார். இடதுபக்கம் என்றாலும் அதே கரெக்ட்தான்.

ஒருநாள் வேகத்தடைமேல் வண்டி பாதியில் நிற்கும்போது கேட் திறந்தது. பெண்ணின் அம்மாவும் அவருடைய தங்கைகள் இருவரும், மூவரும் நல்ல ஆகிருதி, வளையல் வாங்கப் புறப்பட்டு வந்தார்கள். மாமா வெலவெலத்துப்போய், "சத்தம் செக் பண்றோம் மாமி" என்றார். "நல்லதாப் போச்சு மாப்ள, அப்படியே எங்களத் தாம்பரம் மார்க்கெட்ல விட்ருங்க" என்று மூவரும் பின்னால் ஏறிவிட்டார்கள். நான் முன் சீட்டுக்குத் துரத்தப்பட்டேன். வரப்போகிற மாமி மாடிக்குத் துணி எடுக்க வந்தபோது நாங்கள் தெருவைத் தாண்டிவிட்டோம். அன்றைக்கு இருந்த துக்கத்தில் மாமா ஒன்றைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். தாம்பரம்வரை ஒரு வேகத்தடையில்கூட டொக்கு வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அத்தாவிடம் சொன்னேன். அவர் சோற்றில் வைத்த கையை அப்படியே நிறுத்தினார். மறுநாள் காலையில் ஜாக்கி போட்டுப் பின்பக்கத்தைத் தூக்கினார். சக்கரம் தொங்கியதும் உள்ளே ஸ்பிரிங் லொடலொடவென்று ஆடியது, விரலால் சுற்றினால் சுற்றியது. வெட்டியதில் அதன் நீளம் போதவில்லை. சக்கரம் கீழே தொங்கும்போது மேலே எட்டாமல் விலகி நிற்கிறது, வண்டி உட்காரும்போது போய் முட்டுகிறது. பின்னால் மூன்று பேர் கனம் இருந்தால் அதற்கு ஆட இடமில்லை. தரையில் நிறுத்தி எவ்வளவு அமுக்கினாலும் அது எப்படித் தெரியும்? மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டு, இந்த உயரத்துக்கென்றே செய்த ஸ்பிரிங்கும் அதற்கேற்ற ஷாக் அப்சார்பரும் மாட்டிக் கொடுத்தார். கார் தாழ்ந்தபடியே இருந்தது, சத்தம் மட்டும் போயே போய்விட்டது. அத்தா பார்க்கிறவர்களிடமெல்லாம் என் காதைப் பற்றிச் சொன்னார். நான் தரையில் நடக்கவில்லை.

மாமாவும் பலமாகச் சிரித்தார். அடுத்த லீவு நாளில் என்னை மாடம்பாக்கத்துக்கு அழைத்துப்போனார். வண்டி வேகத்தடையில் வெண்ணெய் மாதிரி ஏறி இறங்கியது. மாடியில் யாரும் இல்லை, கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. திருப்பிக்கொண்டு வந்தார், அப்போதும் யாரும் வரவில்லை. மறுபடியும் போய் வந்தோம். கடைசியில் மாமா ஒரு ஹாரன் அடித்தார். பெண்ணின் அத்தா வெளியே வந்தார்.

"என்ன மாப்ள?"

"சத்தம் செக் பண்றோம் மாமா" என்றார் என் மாமா.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

"போயிடுச்சு மாமா. அதத்தான் செக் பண்றோம்."

"மாஷா அல்லாஹ். அப்ப இனிமே வர வேண்டியதில்ல, போய்க் கல்யாண வேலையப் பாருங்க" என்று அவர் கேட்டைச் சாத்திக்கொண்டார். திரும்பும் வழியில் ரோஸ்மில்க் கிடைக்கவில்லை. கடை மூடியிருக்கிறது என்றார் மாமா. கடை திறந்திருந்தது, நான் பார்த்தேன். இவ்வளவு பெரிய வேலையை முடித்துக் கொடுத்தவளுக்கு இதுதானா மரியாதை என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கல்யாணத்தன்று மாமா ஆசைப்பட்டபடியே ஆயிற்று. முன் சீட்டில் அத்தா, பின் சீட்டில் அம்மாவுக்கும் புதுப் பெண்ணுக்கும் நடுவில் நான். கார் அந்த வேகத்தடையைச் சத்தமில்லாமல் தாண்டியது. மாமி முக்காட்டை லேசாக விலக்கி என்னைப் பார்த்தார்.

"அந்தச் சத்தத்த நிறுத்துனது நீதானா?"

ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டு, ஸ்பிரிங் விஷயத்தை முழுக்க விளக்க ஆரம்பித்தேன். "இந்தக் காதா?" என்று மாமி மருதாணி விரலால் என் வலது காதைப் பிடித்து நன்றாகவே திருகினார். கண்ணாடியில் மாமா சிரிப்பை அடக்க முடியாமல் தவிப்பது தெரிந்தது. அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். புதுப் பெண்கள் பாராட்டுவது இப்படித்தான் போலிருக்கிறது என்று எண்ணி, நான் அடுத்த காதையும் காட்டினேன்.