ஒரு விரல் தாழ்ந்த தோள்

பிளேடின் முனை தையலுக்கு அடியில் நுழைந்து நூலை மட்டும் அறுக்கிறது; துணியில் ஒரு கீறல் இல்லை. அறுந்த நூலை இடது கை உருவிப் போடுவதற்குள் பிளேடு அடுத்த தையலுக்குப் போய்விடுகிறது. மடியில் கிடப்பது ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை. பக்கத்தில் ஒரு குவியல். எல்லாவற்றிலும் இடது தோள்வாரைப் பிரித்து ஒரு விரற்கடை கூட்டியாக வேண்டும். "தைக்கறவளுக்கே பிரிக்கற வேலை" என்று முணுமுணுக்கிறாள் ஹமீதா.

கூனிமேட்டில் அவளுக்குத் தையல்கடை. சாலைக்கு மேற்கே இரண்டு ஏரிகளைச் சேர்த்து அமைத்த பூங்காவின் படகுத்துறைக்கு மிதவைச் சட்டை தைத்துத் தருவதும் அவள்தான். அந்தப் பூங்கா வருஷம் முழுக்க ஓய்வதில்லை. கோடையில், உப்பு வாரும் குடும்பங்கள் ஞாயிறு மாலை காலைக் கழுவிக்கொண்டு படகுக்கு வரும். மழையில் உப்பளம் மூடிவிட்டால் அதே ஆட்கள் வார நாளிலும் கரையில் தூண்டில் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். மார்கழியில் பறவை பார்க்கப் பாண்டிச்சேரி கார்கள். சுனாமிக்குப் பிறகு, மிதவைச் சட்டை போடாமல் யாரையும் படகில் ஏற்றுவதில்லை.

ஹமீதா ஜிப் வைக்க மாட்டாள். உப்புக்காற்றில் அது ஒரு மழைக்காலம் தாங்காது. "துரு புடிச்ச ஜிப்பு தண்ணியில மாட்டிக்கும்ணா. நாடான்னா பல்லால கூட அவுத்துக்கலாம்." இப்படிப் பார்த்துப் பார்த்துத் தைப்பவள்மீதுதான் போன வாரம் புகார் வந்தது.

படகுத்துறையைப் பார்த்துக்கொள்ளும் நடராசன் மூட்டையோடு வந்து இறங்கினார். "என்னா பாயம்மா, போட்டவன் எல்லாம் ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நிக்கறான். படகு கவுந்துடப் போவுதுன்னு பொம்பளைங்க எறங்கிடறாங்க."

"உங்க ஆளுங்க தோளு கோணலா இருக்கும்."

"அத்தனை பேருக்குமா?"

ஒன்றை மேசைமேல் விரித்துப் பார்த்தாள். இடது தோள்வாரில் ஒரு விரல் குறைந்தது.

கடைக்கு யார் வந்தாலும் டேப் வைத்து அளக்காமல் கத்தரியைத் தொடாதவள் அவள். நடராசன் சொன்னதோ, "ஆம்பளை சைஸ்ல எல்லாம் ஒரே மாதிரி தைங்க" என்று மட்டும்தான். அளவுக்கு ஆள் இல்லை. செய்தித்தாளை மடித்துக் கைபோன போக்கில் மாதிரி வெட்டினாள். டேப் இல்லாமல் அந்தக் கைக்குத் தெரிந்த ஆண் உடம்பு ஒன்றே ஒன்று. சவூதியில் தம்மாமுக்கு வேலைக்குப் போகுமுன் மரக்காணம் உப்பளத்தில் உப்பு மூட்டை சுமந்தவர் அவள் கணவர் ஹபீப் முஹம்மது. மூட்டை அழுத்திய இடது தோள் ஒரு விரல் தாழ்ந்தது. சட்டை அவருக்கு நேராக நிற்க வேண்டுமென்றால் இடப்பக்கம் ஒரு விரல் குறைத்துத் தைக்க வேண்டும்.

ஊருக்கு வந்து திரும்புகிறவர்களிடம் இன்றும் அவருக்குச் சட்டை கொடுத்தனுப்புகிறாள். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து போன் வரும். "சட்டை கரெக்டா இருக்குது ஹமீதா." இளைத்திருந்தாலும் அதைத்தான் சொல்வார், தொப்பை விழுந்திருந்தாலும் அதைத்தான் சொல்வார்.

போன முறை விடுப்பில் வந்தவர், இருவர் மிதிக்கும் படகுக்கு டிக்கெட் எடுத்துவிட்டு அவளைக் கூப்பிட்டார். கரையில் சொந்தக்காரப் பெண்கள் நின்றிருந்தார்கள். "எல்லாரும் பாக்கறாங்க. அடுத்த தடவ போலாம்" என்று பின்வாங்கிவிட்டாள். அவர் தனியாகவே ஏறினார். ஒரு பக்கம் சாய்ந்த படகு நேராகப் போகாமல் நின்ற இடத்திலேயே வட்டம் போட்டது. நடு ஏரியிலிருந்து கையசைத்தார். முக்காட்டை வாயில் பொத்திக்கொண்டு அவள் சிரித்தாள். நோன்புப் பெருநாளுக்கு வருகிறேன் என்றார், லீவு தள்ளிப்போனது. ஹஜ்ஜுப் பெருநாள் என்கிறார் இப்போது. யார் நின்று பார்த்தாலும் ஏறிவிடுவது என்று அவள் முடிவு செய்து வெகுநாளாகிறது. "அவரு இன்னொரு தரம் கேக்கணுமே" என்பதுதான் கவலை.

சாயங்காலம் நடராசன் வருகிறார். ஒன்றை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார். "இப்பதான் மாப்பிள்ள கணக்கா இருக்குது."

"பொண்ணு வூட்ல பாத்தா ஓடிடுவாங்க. கழட்டுங்கண்ணா."

அவர் சிரித்துக்கொண்டே மூட்டையைக் கட்டி முடிக்கும்வரை பார்த்திருந்துவிட்டு, மிஷினுக்குக் கீழேயிருந்து இன்னும் இரண்டை எடுக்கிறாள். ஒன்றில் இடது வார் பிரிக்கப்படவே இல்லை. மற்றது சின்னது, அதைத் தைக்கத் தன் மேலேயே டேப்பைச் சுற்றி அளந்திருக்கிறாள்.

"இது இன்னும் கோணலாவே இருக்குதே?"

"இருக்கட்டும்ணா. இது ரெண்டையும் வேற யாருக்கும் குடுத்துடாதீங்க. தனியா மாட்டி வைங்க."

நடராசன் இரண்டையும் மாறி மாறிப் பார்க்கிறார். "பாய் எப்ப வர்றாரு?"

அவள் சின்னதைப் பெரியதற்குள் வைத்து, சுருக்கம் விழாமல் மடித்து, இரண்டு கையாலும் நீட்டுகிறாள்.