போடாத ஓட்டுக்குப் பதில்

ஓட்டெடுப்புக்கு ஏன் வரவில்லை என்று யார் கேட்டாலும் சொல்ல பதில் தயாராக இருந்தது. கைத்தறிக்கு மட்டும் என்று ஒதுக்கிய சேலை ரகங்களை விசைத்தறிக்கும் திறந்துவிடும் மசோதா அது. ஆதரிக்கச் சொல்லி எங்கள் கட்சிக் கொறடா உத்தரவு போட்டிருந்தார். நானோ அன்று நாடாளுமன்றக் குழுவோடு வெளிமாநிலத் துறைமுகம் ஒன்றைப் பார்வையிடப் போயிருந்தேன். ஊர் சுற்றவா போனேன்? அதுவும் அரசாங்க வேலைதானே?

தொகுதிக்குத் திரும்பியதும் வாலாஜாபாத்தில் கூடியிருந்தவர்களிடம் சொன்னேன், தலையாட்டினார்கள். காரில் ஏறியதும் அதையே எனக்கு நானே இன்னொரு முறை சொல்லிக்கொண்டேன். ஜன்னலை இறக்கினேன், ஏற்றினேன். டிரைவர் கண்ணாடியில் பார்த்ததற்கு அவர்மேல் எரிந்து விழுந்தேன்.

ஐயம்பேட்டையில், தேர்தலில் எனக்காக வீடு வீடாக அலைந்த நெசவாளரைப் பார்க்கப் போனேன். இங்கே எம்.பி. வந்தாலும் தறியை நிறுத்த மாட்டார்கள். சத்தத்துக்கு மேலே நாம்தான் கத்த வேண்டும். எனக்கு அது பழக்கம். துறைமுகம், குழு, விமானம் எல்லாவற்றையும் கத்திச் சொன்னேன்.

அவர் மிதியிலிருந்து காலை எடுத்தார். பக்கத்துத் தறியில் அவர் மனைவியும் நிறுத்தினார்.

"அது சரிமா, வேலையாத்தான் போனீங்க. அன்னிக்கு அங்கியே இருந்திருந்தா எந்தப் பக்கம் ஓட்டு போட்டிருப்பீங்க?"

நான் மறுபடியும் துறைமுகத்திலிருந்து ஆரம்பித்தேன். சத்தமே இல்லாத அந்த வீட்டில் நான் மட்டும் கத்திக்கொண்டிருந்தேன்.