எல்லாரும் வாசித்த கார்டு

பகல் பதினொன்று பத்து. எங்கள் வளவுக்குத் தபால்காரர் வருகிற நேரம் அதுதான். அன்றைக்கு அந்த நேரத்தில் நான் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குப் பின்னக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். மகள் கல்லூரியில் இருந்தாள். அவள் அப்பாவுக்கு வெளியூரில் வேலை. வீடு பூட்டிக் கிடந்தது. நடந்ததையெல்லாம் பிற்பாடு பலர் வாயால் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஆனால் எத்தனையோ தடவை நினைத்து நினைத்து, இப்போது நேரில் பார்த்தது போலவே ஆகிவிட்டது.

வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தோம். நடுவில் முற்றம், ஒரு குழாய், சுற்றிலும் ஏழு வீடுகள். பூட்டிய வீட்டுக்குத் தபால் வந்தால் எதிர்வீட்டு அக்கா வாங்கி வைப்பார். கார்டாக இருந்தால் வாசித்தும் வைப்பார். அதை யாரும் தப்பாக எண்ணியதில்லை, நான் உட்பட. என் தம்பிக்குப் பையன் பிறந்த செய்தியை, நான் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அவர்தான் சொல்லி, வாயில் சர்க்கரையும் போட்டார்.

அன்று வந்த கார்டு கையால் எழுதியது இல்லை. புள்ளி புள்ளியாக அச்சான ஆங்கில எழுத்து. "டீச்சர் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் லெட்டர் வந்திருக்குக்கா" என்று தபால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளேயே கொண்டுவந்து கொடுத்தாராம். எண்பதுகளின் பாதி கடந்திருந்தது. எங்கள் வளவில் அதுவரை யாரும் கம்ப்யூட்டர் எழுத்தைப் பார்த்ததில்லை. கார்டு குழாயடியில் கைமாறியது. வெயிலில் தூக்கிப் பிடித்தார்கள், விரலால் தடவினார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று தெரிய வேண்டுமே? மாடியில் குடியிருந்த ஓய்வுபெற்ற தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவைக் கூப்பிட்டார்கள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இறங்கி வந்து, ஒருமுறை ஆங்கிலத்தில் வாசித்து, மறுமுறை தமிழில் விளக்கினார். என் மகள் பெயர். வயது பத்தொன்பது. நோய், வலிப்பு. காளவாசல் கிளினிக்கில் பரிசோதனைக்கு வர வேண்டிய நாள் தாண்டிவிட்டது. மாத்திரையை நிறுத்தக் கூடாது.

என் கூடப் பிறந்தவர்களிடம்கூட ஆறு வருடமாக நான் சொல்லாத விஷயம் அது.

நாலே முக்காலுக்கு நான் உள்ளே நுழைந்தபோது முற்றத்தில் பேச்சு நின்றது. எதிர்வீட்டு அக்கா கார்டைக் கொடுத்தார். கூடவே ஒரு துருப்பிடித்த சாவிக்கொத்து.

"பழைய டிரங்குப் பெட்டிச் சாவிதான் டீச்சர். பாப்பா தலைமாட்டுல வச்சிருங்க. வந்துச்சுன்னா சட்டுனு கையில இரும்பு குடுக்கணும்ல. இம்புட்டு நாளா எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே நீங்க."

அந்தக் குரலில் கேலி இல்லை. இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டு, பூட்டைத் திறந்து வீட்டுக்குள் போனேன்.

மகள் வந்து குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். "நீ தூக்காத பாப்பா, நாங்க கொண்டாந்து வைக்கிறோம்" என்று இரண்டு பேர் ஒரே நேரத்தில் குடத்தைப் பிடித்தார்கள். அவள் வெறுங்கையோடு திரும்பி வந்து என்னைப் பார்த்தாள். கார்டை நீட்டினேன். மூன்று வரிதான், ரொம்ப நேரம் வாசித்தாள்.

"இனிமே அந்த கிளினிக்குக்கு நான் வரலம்மா."

"பரீட்சைனாலதான நாள் தள்ளிப்போச்சு. அடுத்த வாரம் போயிட்டு…"

"வரல. மாத்திரையும் வேண்டாம். மூணு வருசமா ஒண்ணும் வரலைல்ல? போனா மறுபடி அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியில என் பேரை ஏத்துவாங்க. அது வீடு வீடாச் சொல்லிக்கிட்டுத் திரியும்."

மூன்று வருடம் ஒன்றும் வராததற்குக் காரணமே அந்த மாத்திரைதான். திடீரென்று நிறுத்தினால் முன்னைவிட மோசமாக வரலாம் என்று டாக்டர் என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார். அவளுக்கும் தெரியும். ஆனாலும் மாத்திரை அட்டை அலமாரியில் வைத்த இடத்திலேயே இருந்தது. இரவு அவள் தூங்கியபின் அதை எண்ணிப் பார்த்தேன். குறையவில்லை.

எங்கள் குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. அவளுக்கு முதல் தடவை வந்தபோது நானே திருப்புளியால் கழற்றியது. மறுநாள் காலை உள்ளே சொம்பு உருண்ட சத்தம் கேட்டது. அடுப்பை அப்படியே விட்டு ஓடிப்போய்க் கதவைத் தள்ளினேன். அவள் தலையெல்லாம் சீயக்காயோடு நின்றுகொண்டிருந்தாள்.

"சொம்பு நழுவிருச்சு. போம்மா."

வெளியே வந்து தலை துவட்டும்போது, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். "கார்டு மேல அம்புட்டுக் கோவப்படுறியே. காலேஜ்ல என் பக்கத்துல உக்கார்றவகிட்ட நீ மொத வருசமே சொல்லி வச்சிருக்க. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? அவ என்னை மாடிப்படியில தனியா இறங்க விடுறதில்ல."

"உன் நல்லதுக்குத்தான…" என்று ஆரம்பித்தேன். எதிர்வீட்டு அக்கா சாவியை நீட்டியபோது அவர் முகம் எப்படி இருந்ததோ, அந்த நேரம் என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

அன்றே அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் காளவாசல் பஸ் ஏறினேன். கிளினிக்கில் கம்ப்யூட்டருக்கென்று கண்ணாடி அறை, குளிர் மெஷின். செருப்பை வெளியே விட வேண்டும். உள்ளே இருபத்தைந்து வயசுப் பெண் ஒருத்தி, மதுரை வெயில் காலத்தில் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருந்தாள். மகள் பெயரைச் சொன்னேன். தட்டினாள். பச்சை எழுத்தில் எல்லாம் வந்தது. முதல் தடவை எப்போது, எங்கே விழுந்தாள், என்ன மாத்திரை. நான் நன்றாகப் பார்க்க வேண்டும் என்று திரையை என் பக்கம் திருப்பி வைத்தாள்.

"நான் யாருன்னு நீ கேக்கலியேம்மா" என்றேன்.

"அம்மாதான நீங்க?"

"எதிர்வீட்டுக்காரியா இருந்தா?"

அவள் திரையை மெதுவாகத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். கார்டை மேஜையில் வைத்து, அது எங்கள் முற்றத்தில் பட்ட பாட்டைச் சொன்னேன். சத்தம் கேட்டு டாக்டரும் வந்துவிட்டார்.

"நல்லதுக்குத்தானேம்மா செஞ்சோம். இந்தக் கார்டு போட்டதுக்கு அப்புறம், பாதியில நிறுத்துன எத்தனையோ பேர் திரும்பி வந்திருக்காங்க" என்றார்.

காலையில் நான் சொல்ல வந்த அதே வார்த்தை. அதனால் கோபப்பட எனக்கு வாய் வரவில்லை.

"கார்டு வேண்டாம்னு சொல்லல டாக்டர். என் பிள்ளை மாத்திரையை நிறுத்திட்டா. அவ திரும்பி வரணும். அதுக்கு வழி கேட்டுத்தான் வந்தேன்."

பிறகு எனக்குத் தெரிந்த ஒரே வழியைச் சொன்னேன். பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தப் போனால் எந்தப் பிள்ளையின் பெயரும் எங்களுக்குத் தெரியாது. நம்பர்தான் வரும். மார்க் போட அது போதும். எந்த நம்பர் யாருடையது என்கிற தாள் வேறொருவர் பொறுப்பில் பூட்டியிருக்கும். அதைத் திறக்க உரிமை உள்ளவர்கள்தான் திறப்பார்கள். இங்கேயும் பெட்டிக்குள் நம்பர் மட்டும் இருந்தால் என்ன? பெயர் எழுதிய நோட்டு டாக்டர் பீரோவில் இருக்கட்டும். கார்டுக்குப் பதில் ஒட்டிய கவர்.

டாக்டர் "யோசிக்கலாம்" என்றார். அந்தப் பெண் கார்டின் மூலையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். பெரியவர்கள் யோசிக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று தெரிந்தவள்தானே நான். பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன்.

வீட்டில் மகளிடம் ஒன்று மட்டும் சொன்னேன். "இனி கதவைத் தள்ள மாட்டேன். வெளியே நின்னு தட்டுவேன். நீ குரல் குடுத்தாப் போதும்." சனிக்கிழமை காலை தட்டினேன். உள்ளே தண்ணீர் சத்தம் நின்றது. "இருக்கேன்" என்றாள். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அன்றைய பொழுதை ஓட்டினேன். மாத்திரை மட்டும் குறையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணி இருக்கும். குழாயடியில் எதிர்வீட்டு அக்காவின் குரல் கேட்டது.

"யாரு தாயி நீ? எங்கிருந்து வார?"

"டீச்சரைப் பாக்கணும்க்கா."

"என்ன விசயமா?"

"அதை அவங்ககிட்டயே சொல்லிக்கிறேன்க்கா."

"அம்புட்டு ரகசியமா?" அக்கா சிரித்தார்.

"ஆமாக்கா" என்று அந்தக் குரலும் சிரித்தது.

எட்டிப் பார்த்தேன். கண்ணாடி அறைப் பெண்தான். ஸ்வெட்டர் இல்லாமல் வேறு ஆள் போல இருந்தாள். நான் அவளை வரச் சொல்லவில்லை. உள்ளே வந்து, நாற்காலியை விட்டுவிட்டு, என் மகளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"அந்தக் கார்டை அடிச்சது நான்தான். நோய் பேரைப் போடச் சொல்லி யாரும் சொல்லல. கார்டுல எடம் இருந்துச்சு, போட்டேன். என்னை மன்னிச்சிருங்க."

அந்தப் பெண் தொடர்ந்தாள். டாக்டர் சம்மதித்துவிட்டாராம். இரண்டு நாளாக உட்கார்ந்து பெயர்களையெல்லாம் எடுத்துவிட்டு நம்பர் போட்டுக்கொண்டிருக்கிறாளாம். என் மகளுடையதை மட்டும் இன்னும் போடவில்லையாம்.

மகள் எழுந்தாள். அலமாரியில் இருந்த மாத்திரை அட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள்.

"என்னைப் பத்தி யாராச்சும் வந்து கேட்டா?" என்றாள்.

"சொல்ல மாட்டேன்."

"எங்கம்மா கேட்டா?"

அந்தப் பெண் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு மகளிடம், "உங்களைக் கேட்டுட்டுத்தான் சொல்லுவேன்" என்றாள். பையிலிருந்து பென்சிலை எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"டீச்சர், கோவிச்சுக்காதீங்க. ரெண்டு நிமிசம் வெளியே இருங்க. என்ன நம்பர் வேணும்னு அவங்களே சொல்லட்டும்."