தொண்ணூற்றிரண்டு கிலோவுக்கு ஒரு படகு

என் ஓரகத்தியின் எடை தொண்ணூற்றிரண்டு கிலோ. நான் புறம் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். கேட்டால் அவளே சொல்வாள், கேட்காவிட்டாலும் சொல்வாள். பார்சல் ஆபீஸ் கவுண்டரில் நாள் முழுக்க எடை போடுகிறவளுக்கு எடை என்பது வெறும் எண்தான். மற்றவர்களுக்குத்தான் அது மானப் பிரச்சினை.

முழங்கால் வலிக்குப் பார்த்த டாக்டர் இனி ஓட வேண்டாம் என்றதும், நான் அக்கா என்று கூப்பிடும் அவள் நேராக ஆற்றங்கரைப் படகு கிளப்பில் போய்ச் சேர்ந்தாள். இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று அவள் வீட்டுக்காரர் முணுமுணுத்ததை அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. கிளப்பில் அவளுக்கு 'பார்சல்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். வேலையை வைத்துத்தான் சொல்கிறோம் என்று சப்பைக்கட்டு வேறு. என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். அவளோ சிரித்துக்கொண்டே துடுப்பை எடுப்பாள்.

அவள் ஓட்டுவது ஒற்றையாள் பந்தயப் படகு. நீளம் ஒரு லாரிக்குக் குறையாது, அகலமோ உட்காரும் இடம் மட்டும். சக்கரம் வைத்த இருக்கையில் முன்னும் பின்னும் நகர்ந்து, இரண்டு கையாலும் துடுப்புப் போட்டு, போகிற திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போக வேண்டும். கிளப்பில் பெண்களுக்கு என்று இருந்த ஒரே பழைய படகு அறுபது கிலோ ஆளுக்குச் செய்தது. அக்கா ஏறினால் அது விளிம்பு வரை அமிழும், அலை ஒவ்வொன்றும் உள்ளே எட்டிப் பார்க்கும். இடுப்புவரை நனைந்துதான் கரையேறுவாள். நான் துண்டை வைத்துக்கொண்டு நிற்பேன். இரண்டு வருஷமாக அதுதான் என் உத்தியோகம்.

அப்படியிருக்கும்போதுதான் கிளப் பெண்களுக்குப் புதுப் படகு வாங்க முடிவு செய்தது. ஒன்றே ஒன்று. வாங்கினால் பத்து வருஷம் ஓடும். அதுவும் சின்னப் படகாகவே அமைந்துவிட்டால் அக்கா பந்தயத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

படகு கட்டும் மூன்று கம்பெனிகள் ஆளுக்கொரு படகை ஓட்டிப் பார்க்கக் கொண்டுவந்தன. வெள்ளை, கறுப்பு, மஞ்சள். வெள்ளைப் படகுக்காரர் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு எல்லாரிடமும் நலம் விசாரித்தார். மஞ்சள் படகுக்காரர் படகை இறக்கி வைத்துவிட்டு வேனில் ஏறித் தூங்கப் போய்விட்டார்.

பெண்கள் ஒவ்வொருவராகப் பாலம் வரை போய்த் திரும்பினார்கள். வெள்ளையில் போனவர்கள் முகமெல்லாம் பல்லாக வந்தார்கள். கை வைத்ததும் பாய்கிறதாம். கறுப்பு பக்கக்காற்றிலும் கோடு போட்டதுபோல் நேராகப் போனது, ஆனால் கால் வைக்கும் பலகை இறுக்கிப் பிடித்தது என்றார்கள். மஞ்சளை ஒருவரும் மெச்சவில்லை. வயிறு அகலம், கிளம்பவே யோசிக்கிறது என்று குறை.

கடைசியாக அக்கா போனாள். அவளை ஏற்றியதும் வெள்ளையின் பின்பக்கம் தண்ணீருக்குள் உட்கார்ந்துகொண்டது, பாலத்தடியில் சுழிப்பு வந்ததும் உள்ளே கொட்டியது. கறுப்பு அவள் இடுப்பை இரண்டு பக்கமும் நெருக்கியது. மஞ்சளில் மட்டும் போன வேகத்தைவிட வந்த வேகம் அதிகமாக இருந்தது. துடுப்பைத் தூக்கிய பிறகும் அது தானாகப் போய்க்கொண்டிருந்தது. அக்கா அதன் விளிம்பைத் தடவிக்கொண்டு நின்றாள்.

பிறகு எல்லாரும் படகுக் கொட்டகைக்குள் கூடினார்கள். எந்த எடைக்குப் படகு வேண்டும் என்று முடிவு செய்ய, வெள்ளைப் படகுக்காரர் பெண்களின் எடையைக் கேட்டார். பல் டாக்டரம்மா ஐம்பத்தெட்டு என்றாள். அடுத்தவள் ஐம்பத்தைந்து. ஏலம் கீழ்நோக்கிப் போனது. அக்கா தொண்ணூற்றிரண்டு என்றதும் யாரோ இருமினார்கள். கிளப் தலைவருக்குத் தொழில் வக்கீல் வேலை, கிளப்பிலும் அதே வேலைதான். பெரும்பான்மை வெள்ளையைத்தான் கேட்கிறது என்று முடித்து வைக்கப் பார்த்தார். அடுத்த வருஷத்துக்குள் இருபது கிலோ குறைத்தால் அக்காவுக்கும் அது சரியாக இருக்கும் என்று பயிற்சியாளர் இதமாகத்தான் சொன்னார்.

"நான் எதுக்கு சார் குறையணும்? படகு பெருசாகட்டும்," என்றாள் அக்கா.

சொல்லிவிட்டு மூலைக்குப் போனாள். அங்கே எடை மிஷின் ஒன்று ஈரத் துணிகளைச் சுமந்துகொண்டு கிடந்தது. துணிகளைத் தள்ளிவிட்டு, அதை நடுவில் இழுத்துப் போட்டு ஏறி நின்றாள். தொண்ணூற்றிரண்டு.

"கவுண்டர்ல தினமும் பாக்குறேன். உள்ள ஒண்ணுமில்ல, லேசாத்தான் இருக்கும்னு சொல்லாத ஆளே இல்ல. மிஷின்ல வெச்சாத்தான் தெரியும். நான் ஏறிட்டேன். அடுத்து யாரு?"

எனக்குப் பயமாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது. கடைசியில் பல் டாக்டரம்மாதான் செருப்பைக் கழற்றினாள். எழுபத்தொன்று. இறங்கியவள் தானே விழுந்து விழுந்து சிரித்தாள். அதற்குப் பிறகு மூன்று பேர் ஏறினார்கள், மூன்றும் எழுபதுக்கு மேல். இரண்டு பேர் கடைசிவரை ஏறவில்லை. ஒருத்தி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்கே போய்விட்டாள்.

அந்த வெள்ளைப் படகு எத்தனை கிலோவுக்குச் செய்தது என்று டாக்டரம்மா விற்பவரைக் கேட்டாள். ஐம்பத்தைந்திலிருந்து அறுபத்தைந்து வரை என்று அவர் மெதுவாகச் சொன்னார். ஓட்டெடுப்பில் ஒரே ஓட்டு வித்தியாசத்தில் மஞ்சள் ஜெயித்தது. நான்தான் வேனுக்குப் போய் அந்த மனிதரை எழுப்பினேன்.

படகு வந்தது. எந்த எடைக்குச் செய்தது என்பதை உள்ளே ஒரு சின்னத் தகட்டில் பொறித்திருக்க வேண்டும், அது பந்தய விதி. எழுபது முதல் தொண்ணூற்றைந்து கிலோ என்று இருந்தது. மறுநாளே அந்தத் தகட்டின் மேல் யாரோ டேப் ஒட்டியிருந்தார்கள். அக்கா பிய்த்தாள். மறுபடி ஒட்டினார்கள், மறுபடி பிய்த்தாள். மூன்றாவது தடவை கடைக்குப் போய்க் கறுப்புப் பெயிண்ட் வாங்கி வந்து, படகின் முன்பக்கம் இரண்டு புறமும் பெரிதாக 92 என்று எழுதிவிட்டாள்.

தலைவர் பதறிக்கொண்டு வந்தார். கிளப் சொத்தில் கண்டதை எழுதக் கூடாது, உடனே அழிக்க வேண்டும் என்றார்.

"அழிங்க சார். திரும்பவும் எழுதுவேன். டப்பா வண்டியிலயேதான் இருக்கு."

அவர் அழிக்கவில்லை.

பந்தயத்தன்று நல்ல காற்று. ஆற்றில் அலை எழும்பி, ஆறு படகுகளும் தள்ளாடின. ஒலிபெருக்கியில் பேசியவருக்கு எங்கள் படகின் பெயர் புரியவில்லை போலிருக்கிறது, "தொண்ணூற்றிரண்டு, தொண்ணூற்றிரண்டு" என்று இரண்டு தடவை சொன்னார். கிளப் பெண்கள் கரையில் நின்று அதையே கத்தினார்கள். பாலம் வரை அக்கா கடைசி. பிறகு மற்றவர்களின் படகுகள் தண்ணீர் குடிக்கக் குடிக்க, ஒவ்வொருவராகப் பின்னால் விட்டாள். மூன்றாவதாக வந்தாள்.

நான் வழக்கம்போல் துண்டை நீட்டிக்கொண்டு ஓடினேன். அக்கா படகை விட்டு இறங்கினாள். இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள், உட்கார்ந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"அத நீயே வெச்சுக்கோ," என்றாள். "நான் நனையவே இல்ல."