பதினேழு நாள் மறியல்

லண்டனில் ஒரு வெம்பிளிக் கடையில் நிலக்கடலை கேட்டேன். "கச்சானோ?" என்றார் கடைக்காரர். யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் தூத்துக்குடியில் கச்சான் என்றால் கண்ணில் மண்ணை வீசும் மேல்காற்று. ஆங்கிலேயரிடம் தடுமாறாத நான் தமிழ்க் கடையில்தான் தடுமாறுகிறேன். முன்பெல்லாம் இதற்குச் சிரிப்பேன். இப்போது சிரிப்பு வருவதில்லை.

நான் மொழிபெயர்ப்பாளர். அகதி விண்ணப்ப நேர்காணல்களுக்கு ஹவுன்ஸ்லோ வீட்டிலிருந்தே தொலைபேசியில் பேசுவேன். போன ஆண்டு வவுனியாக்காரர் ஒருவர், "பதினேழு நாள் மறியலில இருந்தனான்" என்றார். பதினேழு நாள் சாலையில் உட்கார்ந்து போராடினார் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். எனக்குத் தெரிந்த மறியல் அதுதான். குழாயில் தண்ணீர் வராவிட்டால் எங்கள் தெருப் பெண்கள் காலிக் குடங்களோடு பேருந்தை மறிப்பார்கள். போலீஸ் பிடித்துக் கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்து, மதியம் புளிசாதம் கொடுத்து, சாயங்காலம் அனுப்பிவிடும். நானும் ஒருமுறை அந்தச் சாதத்தைச் சாப்பிட்டிருக்கிறேன்.

அவர் ஊரில் மறியல் என்றால் சிறை. விண்ணப்பத்தில் சிறை என்று எழுதியவர் நேர்காணலில் போராட்டம் என்கிறார், இவரை நம்ப முடியாது என்று மறுத்துவிட்டார்கள். அவருடைய வழக்கறிஞரின் கடிதம் வந்த அன்று அகராதியைப் புரட்டினேன். மறி என்றால் ஆடு. மறி என்றால் தடு. ஆட்டை வயலில் அடைத்து வைப்பதைக் கிடை மறிப்பது என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. வேர் ஒன்றுதான் போலிருக்கிறது. எங்கள் ஊரில் மறிப்பவர்கள் நாங்கள். அவர் ஊரில் மறித்து வைக்கப்பட்டவர் மறியற்காரர். யானைக்கும் அடி சறுக்கும் என்று என் கணவர் தேற்றினார். சறுக்கியது நான், அடிபட்டது அந்த வவுனியாக்காரர்.

போன வாரம் ரெய்னர்ஸ் லேன் அலுவலகத்தில் அந்த வழக்கறிஞர் நேர்காணலின் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினார். என் குரல் கொஞ்சமும் தயங்கவில்லை. அதைக் கேட்க எனக்கே அருவருப்பாக இருந்தது. எதிரே வவுனியாக்காரர் இருந்தார், அன்றுதான் முகம் பார்த்தேன். தவறு என்னுடையது என்று எழுதிக் கொடுக்க ஒப்புக்கொண்டேன். மேல்முறையீட்டில் அது எடுபடுமா, அவரைத் திருப்பி அனுப்பிவிடுவார்களா என்று வழக்கறிஞருக்கும் சொல்லத் தெரியவில்லை. வவுனியாக்காரர் என்னைத் திட்டியிருக்கலாம்.

"நீங்களும் தமிழ் எண்டபடியால்தான், அக்கா, விளக்கிச் சொல்லேல்ல," என்றார்.

என் வாக்குமூலத்தில் தாய்மொழி என்று ஒரு கட்டம் இருந்தது. அவருடைய விண்ணப்பத் தாளில் இருந்த அதே சொல்லை எழுதினேன். எந்த ஊர்த் தமிழ் என்று எழுத அதில் இடமில்லை.